நாக்குக்கு ஒரு இடம்

பள்ளிக்கூட விளையாட்டு விழாவில் மகாவின் எலுமிச்சம்பழம் மைதானத்தைத் தாண்டி உருண்டு ஓடியபோது, அதைத் துரத்திப் போனது மகாவும் அவள் டீச்சரும் கொச்சி மட்டாஞ்சேரித் தெருவில் பிழைக்கும் ஒரு கறுப்பு ஆடும். ஆடுதான் ஜெயித்தது.

சுக்கு குடோனில் அரைநாள் லீவு சொல்லிவிட்டு வந்திருந்த அம்மா செல்வலட்சுமிக்குத் தாங்க முடியவில்லை. நாலாம் வகுப்பில் மகாவைப் போல ஓட ஆளில்லை. ஆனால் ஸ்பூனை வாயில் கவ்வி எலுமிச்சம்பழத்தோடு ஓட வேண்டும் என்றதும், விசில் ஊதுவதற்கு முன்பே ஸ்பூன் கீழே விழுந்தது. எடுத்து வைத்தாள். மறுபடியும் விழுந்தது.

"நல்லா கடிச்சுப் புடிச்சா என்னடி?"

"கடிச்சுதாம்மா இருந்தேன். அது நிக்க மாட்டேங்குது."

செல்வலட்சுமி மகளைக் குழாயடிக்குக் கூட்டிப் போய், "ஈ"யென்று பல்லைக் கடிக்கச் சொல்லிப் பார்த்தாள். கடைவாய்ப் பற்கள் இறுகச் சேர்ந்திருந்தன. முன்னால் மட்டும் மேல் வரிசைக்கும் கீழ் வரிசைக்கும் நடுவே விரல் நுழைகிற அளவுக்குச் சந்து. அந்தச் சந்தில் நாக்கு நுனி வந்து எட்டிப் பார்த்தது. பல் முளைக்கிற வயது, வளர வளரச் சேர்ந்துவிடும் என்று அவள் பாட்டுக்கு நினைத்திருந்தாள்.

"தன்னால சரியாவும்னு விட்டுட வேண்டா சேச்சி," என்றாள் பக்கத்து வீட்டு மலையாளி பிந்து. "தோப்பும்படியில தன்யான்னு ஒரு பல் டாக்டர் உண்டு. என்டெ மோளைப் பார்த்தது அவங்கதான்."

அந்த வாரமே போனார்கள். அவள் கணவன் பாண்டியராஜனும் காய்கறித் தள்ளுவண்டியைத் தார்ப்பாய் போட்டு மூடிவிட்டு, சட்டை மாற்றிக்கொண்டு கூட வந்தான். டாக்டர் மகாவிடம் ஒரு கிளாஸ் தண்ணீரை நீட்டினாள்.

"மோளே, ஒரு வாய் வெள்ளம் எடு. பல்லைக் கடி. இனி விழுங்கு."

மகா விழுங்கிய நேரம் பார்த்து டாக்டர் இரண்டு விரலால் அவள் உதட்டை மெல்ல விலக்கினாள். நாக்கு அந்தச் சந்து வழியாக முன்னால் பிதுங்கி வந்து, பல்லை ஒரு தள்ளு தள்ளிவிட்டு உள்ளே போனது.

"பாத்தோ? விழுங்கும்போ நாக்கு மேல்வாயில போய் ஒட்டணும். இவளோட நாக்கு முன்னாடி வந்து பல்லைத் தள்ளுது. சின்னதுல விரல் சூப்புமோ?"

"ஒண்ணாங்கிளாஸ் வரைக்கும் ரெண்டு விரல் வாயிலதான் கெடக்கும் டாக்டர். வேப்பெண்ணெ தடவித்தான் நிப்பாட்டுனோம்."

"விரல் போச்சு. விரல் இருந்த இடத்துக்கு நாக்கு வந்துட்டு. நாள் முழுக்க, உறங்கும்போகூட நம்ம எச்சில் விழுங்கிட்டேதான் இருக்கோம். ஒவ்வொரு தடவையும் ஒரு தள்ளு. பேடிக்க வேண்டாம், பயப்பட ஒண்ணுமில்ல, முதல்ல நாக்கைப் பழக்குவோம். வேணும்னா பின்னே கம்பி போடலாம்."

பயிற்சி பார்க்க எளிதாகத்தான் இருந்தது. பொடி ரப்பர் வளையம் ஒன்றை நாக்கு நுனியில் வைத்து, மேல் பல்லுக்குப் பின்னால் உள்ள மேட்டில் ஒட்டிப் பிடித்து, பல்லைக் கடித்தபடி விழுங்க வேண்டும். வளையம் நழுவக் கூடாது. மகா கையைக் கட்டிக்கொண்டாள்.

"நான் மட்டும் செய்ய மாட்டேன். அப்பாவுக்கும் பல்லு இப்படித்தான் இருக்கு. அப்பாவும் செய்யட்டும்."

எல்லாரும் பாண்டியராஜனின் மீசையைப் பார்த்தார்கள். உதட்டை மூடி இறங்கிய அடர்ந்த மீசை அது. டாக்டர் இன்னொரு கிளாஸ் தண்ணீர் எடுத்தாள். அவன் தயங்கித் தயங்கி விழுங்க, மீசைக்குக் கீழே அதே சந்து, அதே தள்ளு.

"அச்சனும் மோளும் ஒரே கேஸ்!" என்று சிரித்தாள் டாக்டர். "சேட்டா, உங்க வயசுல இந்தப் பயிற்சியால மட்டும் பல்லு சேராது. ஆனா நாக்கு பழகும். மோளுக்கு ஒரு கூட்டும் ஆச்சு."

அன்றிலிருந்து அந்த வீட்டில் யாரும் நிம்மதியாக விழுங்கவில்லை. அப்பாவும் மகளும் கண்ணாடி முன்னால் உட்கார்ந்து யார் வளையம் முதலில் நழுவுகிறது என்று போட்டி போட்டார்கள். நடுவராக உட்கார்ந்த செல்வலட்சுமிக்குத் தன் நாக்கு எங்கே இருக்கிறது என்ற நினைப்பு வந்து தொலைத்தது. நினைத்த மாத்திரத்தில் எச்சில் தொண்டையில் நின்றுகொண்டது. குடோனில் மத்தியானச் சாப்பாட்டின்போது எதிரில் இருந்த மூக்கம்மாளின் தொண்டையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்னடி, என் கழுத்துல என்ன, புதுச் சங்கிலியா தொங்குது?" என்று கேட்டாள் மூக்கம்மாள்.

ஒருநாள் பாண்டியராஜன் வியாபாரத்தை விட்டுவிட்டு வேர்க்க விறுவிறுக்க வீட்டுக்கு ஓடிவந்தான். வண்டியில் நின்றபடி பயிற்சி செய்துகொண்டிருந்தபோது ஒரு பெண் முருங்கைக்காய் விலை கேட்டாளாம். பதில் வாயைத் தாண்டுவதற்குள் வளையம் வயிற்றுக்குள் போய்விட்டது.

"லட்சுமி, வயித்துக்குள்ள மாட்டிக்கிட்டா என்ன பண்றது?"

அவள் டாக்டருக்குப் போன் போட்டாள்.

"இருமல் உண்டோ? மூச்சு முட்டுதோ?"

"இல்ல டாக்டர். முழிதான் பிதுங்குது."

"அப்போ ஒண்ணுமில்ல, தன்னால வெளியே போய்க்கும். சேட்டனை உட்கார்ந்து, கண்ணாடி பாத்துச் செய்யச் சொல்லுங்க. வியாபாரத்துக்கு நடுவுல வேண்டாம்."

சில வாரங்கள் கழித்து டாக்டர் மகாவுக்கு வேறு வேலை கொடுத்தாள். நாக்கைப் பல்லுக்கு வெளியே விடாமல் "ச" சொல்லிப் பழக வேண்டும். சாயங்காலம் கண்ணாடி முன்னால் மகா டீச்சர் ஆனாள்.

"அப்பா, சவாளா சொல்லு."

பெரிய வெங்காயத்துக்கு அந்த ஊரில் சவாளா என்றுதான் பெயர். பாண்டியராஜன் மகளைப் பார்க்காமல், "உள்ளி," என்றான்.

"உள்ளின்னா சின்ன வெங்காயம்! சவாளா சொல்லுப்பா."

"தவாளா."

மகா தரையில் உருண்டு சிரித்தாள். செல்வலட்சுமிக்கும் சிரிப்பு வந்தது. வந்த வேகத்தில் நின்றது. அவன் பேச்சில் கொஞ்சம் "த" வாடை அடிக்கும் என்பது அவளுக்குத் தெரியும், அது பழகிப்போன விஷயம். ஆனால் ஊரே சவாளா என்று கூவும்போது இவன் மட்டும் ஏன் "உள்ளியே, உள்ளி" என்று கூவுகிறான், சின்ன வெங்காயம் என்று நம்பி வந்தவர்கள் ஏன் திட்டிவிட்டுப் போகிறார்கள் என்பது இப்போதுதான் விளங்கியது. இன்னொன்றும் விளங்கியது.

"ஏங்க," என்றாள். "ஊர்ல எல்லாரும் என்னை செல்வின்னுதான் கூப்பிடுவாங்க. நீங்க மட்டும் கல்யாணமான அன்னியிலேருந்து லட்சுமிதான். அதுவும் அந்த மொத எழுத்தாலயா?"

அவன் காது மடல் சிவந்தது. "கல்யாணத்தன்னிக்கு ஒரு தடவை கூப்பிடப் பாத்தேன். உன் தங்கச்சிங்க பக்கத்துலயே நின்னுதுங்க. அப்படியே விட்டுட்டேன்."

"கூப்பிட்டிருந்தா அவங்க சிரிச்சிருப்பாங்கதான். நான் என்னங்கன்னு திரும்பியிருப்பேன்."

"இப்ப பழகுப்பா," என்று மகா அதட்டினாள். "பல்லைச் சேத்து வை. நாக்கை உள்ள வை. காத்து மட்டும்தான் வெளிய வரணும்."

முதலில் வெறும் காற்று வந்தது. அப்புறம் விசில் வந்தது. சோறு ஆறிப்போன பிறகு, ஒவ்வோர் எழுத்தாக எடுத்து வைப்பதுபோல், "செல்...வி," என்றான். அடுத்த தடவையே மறுபடி "தெல்வி" ஆகிவிட்டது. அவளுக்கு இரண்டுமே போதுமாக இருந்தது. எழுந்து போய் ரசத்தைச் சூடு பண்ணினாள், அப்போதுதான் காதில் விழுந்ததுபோல அடுக்களையிலிருந்தே, "என்னங்க?" என்றாள்.

பருவமழை விட்டதும் மறுபடி தோப்பும்படிக்குப் போனார்கள். டாக்டர் மகாவின் வாயில் அளவுகோலை வைத்து அளந்தாள். விரல் நுழைந்த இடத்தில் இப்போது ஒரு தீக்குச்சி நுழையும்.

"பல்லு சொன்ன பேச்சு கேக்குது. பாக்கி இருக்கு. நிரந்தரப் பல்லு எல்லாம் வந்த பிறகு கம்பி வேணுமான்னு பாக்கலாம். அதுவரை நாக்கை விட்டுடாதே மோளே. அது பழைய இடம் தேடிப் போவும்."

"அப்பாவுக்கு?"

"அச்சனுக்குப் பல்லு அப்படியேதான். விழுங்குறது நல்லா மாறியிருக்கு."

"நான்தான் டாக்டர் பழக்குனேன்," என்றாள் மகா.

திரும்பும்போது பஸ்ஸில் கூட்டமில்லை. மகா ஜன்னல் பக்கம் உட்கார்ந்து, பாலத்துக்குக் கீழே கரை சேரும் படகுகளைப் பார்த்துக்கொண்டே தூங்கிவிட்டாள். செல்வலட்சுமி குனிந்து பார்த்தாள். குழந்தை எப்போதும் வாயைத் திறந்து போட்டுத்தான் தூங்குவாள். இப்போது உதடு இரண்டும் பொருந்தி மூடியிருந்தன. தொண்டை ஒரு தடவை மெல்ல ஏறி இறங்கியது. உதடு அசையவில்லை, தாடை சுருங்கவில்லை.

அவள் கணவனின் முழங்கையைத் தட்டிக் காட்டினாள். இருவரும் அடுத்த விழுங்கலுக்காக மகள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"டிக்கெட்! எங்கோட்டா?" என்று கண்டக்டர் சத்தமாகக் கேட்டபடி வந்தார்.

இரண்டு பேரும் ஒரே நேரத்தில் உதட்டில் விரல் வைத்தார்கள்.