உப்புப் போட்ட பாவுக்கஞ்சி

அம்மாபேட்டை அப்புசாமியின் நூல்கடைத் தராசில், சனிக்கிழமை சாயங்காலமானால் நூல் சிப்பம் ஏறாது; இசபெல்லா ஏறுவாள். சங்கிலியில் தொங்கும் பலகையில் கூச்சத்தோடு உட்கார்ந்து, முந்தானையைச் சுருட்டி மடியில் வைத்துக்கொள்வாள். எதிர்த்தட்டில் அப்புசாமி ஒவ்வொரு இரும்புக் கல்லாக எடுத்து வைப்பார்.

"ஆரோக்கியம், உம் மகளை நிறுத்தே என் சங்கிலி நீண்டு போச்சு போ."

"சும்மா இருங்கண்ணா. புள்ள ஏற்கெனவே வாடிக் கெடக்குது" என்றாள் தாய்.

"ஆறு மணங்கு. போன வாரத்துக்கு ரெண்டு வீசை கொறைஞ்சிருக்குது."

எட்டு வீசை சேர்ந்தால் ஒரு மணங்கு. ஒரே வாரத்தில் இரண்டு வீசை! ஆரோக்கியம் மகளின் கன்னத்தை வழித்து முத்தமிட்டாள்.

அது முப்பத்தெட்டாம் வருஷம். மாசி மாதம் குமாரபாளையத்திலிருந்து பெண் பார்க்க வந்திருந்தார்கள். மாப்பிள்ளை உபகாரசாமி பள்ளிக்கூட வாத்தியார். அவருடைய தாய் ராஜம்மாள் வாய் நிறையப் பேசுகிறவள், மனசில் விஷம் இல்லாதவள். காப்பியைக் குடித்துவிட்டுச் சொன்னாள்:

"பொண்ணு லட்சணமா இருக்கறா, குத்தஞ் சொல்லலீங்க. ஆனா எங்கூட்டு வாசல் நெலவு ரொம்பக் குறுகல். இடிச்சுக் கட்டோணுமாட்ட இருக்குதுங்க!"

எல்லோரும் சிரித்தார்கள். இசபெல்லாவும் சிரித்தாள். உபகாரசாமி மட்டும் சிரிக்கவில்லை. ஆனால் தாயைத் தடுத்து ஒரு வார்த்தை சொல்லவும் இல்லை. குனிந்து தம்ளரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"தபசு காலம் முடிஞ்சு பாஸ்கு வரட்டுமுங்க" என்றாள் ராஜம்மாள். "அதுக்குள்ள புள்ள கொஞ்சம் எளைச்சா, கோயில்ல ஓலை வாசிக்கச் சொல்லிரலாம்."

தபசு காலம் ஈஸ்டருக்கு முந்தின நாற்பது நாள் நோன்பு; பாஸ்கு அந்த ஈஸ்டர் திருநாள். ஓலை வாசிப்பது என்றால், இன்னாருக்கும் இன்னாருக்கும் கல்யாணம் என்று சாமியார் பூசையில் எல்லோரும் கேட்கச் சொல்வது. இசபெல்லாவுக்கு வயது இருபது. முன்னே இரண்டு இடம் இதே காரணத்தால் தட்டிப்போயிருந்தது.

மறுநாளே ஆரோக்கியம் மகளை நர்ஸ் சௌந்திரத்திடம் கூட்டிப்போனாள். சௌந்திரம் அந்தத் தெருப் பிரசவம் எல்லாம் பார்த்த கை.

"இளைக்கிறது தப்பில்லை கண்ணு. ஆனா நிதானமா இளைக்கணும்" என்றாள் அவள். "தட்டுல ரெண்டு பிடி சோறு குறை. வெல்லம், எண்ணெய்ப் பலகாரத்தை விடு. பயறும் கீரையும் சேர்த்துக்கோ. காலையில ஒரு நடை போயிட்டு வா. மாசத்துக்கு ஒண்ணு, ஒண்ணரை வீசை இறங்கினாப் போதும். ஒண்ணு கேளு, நடையைக் கூட்டின அன்னைக்குச் சோத்துல கை வைக்காதே. ரெண்டையும் ஒரே சமயத்துல இழுத்தா உடம்பு தாங்காது."

நல்ல சொல். ஆனால் பாஸ்குவுக்கு ஏழு வாரம்கூட இல்லை. மாசத்துக்கு ஒன்றரை வீசை எந்த மூலைக்கு? வீட்டுக்கு வரும் வழியெல்லாம் இசபெல்லா விரல் விட்டு வாரத்தை எண்ணினாள்.

தபசு தொடங்கும் விபூதிப் புதனன்று ஒருசந்தி பிடித்தாள். மத்தியானம் ஒரு வேளைதான் சாப்பாடு. தபசு காலத்தில் ஒரு பெண் ஒருசந்தி இருந்தால் யார் தடுப்பார்கள்? அவள் தகப்பன், தறி செய்கிற தச்சர், மகளின் பக்தியைப் பட்டறையில் சொல்லிச் சொல்லிப் பூரித்தார். பாவம், வேறு ஏதாவது காரணம் சொல்லி அவள் பட்டினி கிடந்திருந்தால் வீடே பதறியிருக்கும்.

அதோடு நிற்கவில்லை. மாதையனின் பாவடிக்கு வேலைக்குப் போனாள். பாவடி, தறிக்கு வேண்டிய பாவு என்ற நீள நூலைப் பரப்புகிற திடல். அங்கே வரிசையாகக் குச்சி நட்டிருக்கும். நூலைக் குச்சிகளில் மாற்றி மாற்றி இட்டபடி போக வேண்டும், வர வேண்டும். ஒரு பாவு முடிய எத்தனை நடை என்று காலுக்குத்தான் தெரியும். மற்றப் பெண்கள் நாளைக்கு ஒரு பாவு ஓடுவார்கள். இசபெல்லா இரண்டு ஓடினாள். பிறகு மூன்று.

திடலின் ஓரத்தில் வேப்பமரத்தடியில் கஞ்சிப் பானை இருக்கும். ஓடி முடித்த பாவுக்குக் கஞ்சி போட்டுக் காய வைத்தால்தான் நூலுக்கு வலு. மாதையன் தினமும் கஞ்சியை விரலில் தொட்டு நாக்கில் வைத்துப் பதம் பார்ப்பார்.

"ஏனுங்க புள்ளைகளா, எவ அவ, பாவுக்கஞ்சிக்கு உப்புப் போட்டவ? நூலுக்கு நாக்கு இருக்குதுன்னு நெனச்சீங்களா?"

பெண்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். "உங்க நாக்குத்தான் உப்புக் கரிக்குது மாமா!" இசபெல்லா தலையைக் குனிந்துகொண்டு அடுத்த குச்சிக்கு நடந்தாள்.

வாரத்துக்கு வாரம் தராசில் கல் குறைந்தது. கோயிலில் பெண்கள் அவள் இடுப்பைத் தொட்டுப் பார்த்து மெச்சினார்கள். வளையல் முழங்கை வரை ஏறி இறங்கியது. சீப்பில் கொத்துக் கொத்தாக முடி வந்தது. பங்குனி வெயிலில் நிற்கையிலே அவளுக்குக் குளிர்ந்தது. ஒருநாள் தெருவில் சௌந்திரம் அவள் மணிக்கட்டைப் பிடித்து நிறுத்தினாள்.

"கண்ணு, சாப்பிடறியா?"

"சாப்பிடறேனுங்கக்கா."

குருத்து ஞாயிறுக்கு முந்தின சனிக்கிழமை ஐந்து மணங்கு. அன்றைக்கு அப்புசாமி கேலி பேசவில்லை. அவள் இறங்கும்போது பலகையை ஆடாமல் பிடித்துக்கொண்டார். "போதும் தாயி" என்றார். "இனிமே நிறுக்க வராதே."

"பாஸ்குவுக்கு இன்னும் ஒரு வாரம் இருக்குதுங்களே" என்றாள் இசபெல்லா.

புதன்கிழமை, வெயில் ஏறின நேரம், மூன்றாவது பாவின் நடுவில் விழுந்தாள். கையில் நூல் இருந்தது. மாதையன்தான் தூக்கிக்கொண்டு ஓடிவந்தார். சௌந்திரம் வந்து நாடி பார்த்தாள், ஸ்பூனில் வெல்லத்தண்ணீர் புகட்டினாள். அது கடைவாயில் வழிந்தது. எழுபத்தைந்து நாழிகை கிடந்து, மறுநாள் மாலை போய்விட்டாள்.

அது பெரிய வியாழன். அன்று பூசைக்குப் பிறகு பாஸ்கு வரைக்கும் கோயில் மணி அடிக்கக் கூடாது. ஆகவே அந்தத் தங்கத்துக்குத் துக்க மணியும் இல்லை. மரக்கட்டையைத் தட்டிக்கொண்டு ஒருவன் முன்னே போக வேண்டியதாயிற்று.

வெள்ளிக்கிழமை காலை குமாரபாளையத்திலிருந்து தாயும் மகனும் வந்தார்கள். ஆரோக்கியம் நெஞ்சில் அடித்துக்கொண்டு அழுதாள்.

"மத்தியானம் ஒரு வேளை தின்னுக்கிட்டுத்தானே இருந்தா! நான்தானே கெட்டியாக் கஞ்சி காச்சி, உப்புப் போட்டு, தூக்குல ஊத்திக் குடுத்தனுப்பினேன். தூக்கு தெனமும் காலியாத்தானே வந்துச்சு!"

வாசலில் நின்ற மாதையன் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"அம்மிணி... அந்த உப்புக் கஞ்சியத்தான் நான் இத்தன நாளாப் பாவுக்குப் போட்டேன்."

மாதையன்தான் மறுபடி பேசினார். "கஞ்சி குடிக்காத நூலு தறியேறினா அந்து போகும்னு அம்பது வருசமா ஊருக்குச் சொல்றவன் நானு. மூணு பாவு ஓடற புள்ள வவுத்துக்கு என்ன குடிச்சான்னு ஒருநாள் கேக்கலியே."

ராஜம்மாள் தவழ்ந்து சவப்பெட்டியின் பக்கத்தில் போனாள். அந்த ஒடுங்கின முகத்தை இரண்டு கையாலும் தடவினாள்.

"எங்கூட்டு நெலவு அகலந்தான் சாமி. நல்லா அகலம். சும்மா சிரிக்கறதுக்குச் சொன்னேன் சாமி..."

உபகாரசாமி சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார். "எனக்கு அப்படியே புடிச்சிருந்துதுங்க" என்றார். "அன்னைக்கே சொல்லியிருக்கோணும்."

கண்ணுகளா, மாதையன் அதற்குப் பின் ரொம்பக் காலம் பாவடி நடத்தினார். வேலைக்கு வருகிற பெண் தன் தூக்கைத் திறந்து, அவர் பார்க்கக் குடித்து முடித்த பிறகுதான் நூலைக் கையில் கொடுப்பார். ஒருமுறை பூசின உடம்புக்காரப் பெண் ஒருத்தி, "எளைக்கோணும் மாமா, எனக்குக் கஞ்சி வேண்டாம்" என்றாளாம்.

மாதையன் தூக்கை அவள் பக்கம் தள்ளி வைத்தார்.

"எளைக்கோணுமா, எளை சாமி. ஆரு வேண்டாங்கறா? நடக்கறதுக்குத் தக்கனத் தின்னு, திங்கறதுக்குத் தக்கன நட, மெதுவா எளை. ஊருக்காரங்க சிரிச்சாங்கன்னு மட்டும் எளைக்காத. சிரிச்சவங்க ஒருத்தரும் உங்கூட வரமாட்டாங்க. குடி மொதல்ல."