பாவாயி இருமிய கதை

1
முதலில் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். கொல்லிமலையில், வாழவந்தி நாடு என்ற ஊரின் பள்ளிக்கூடத்தில் மருத்துவ முகாம். எழுதி எழுதி மரத்துப்போன விரல்களோடு, திரைக்கு இந்தப் பக்கம் என் முறைக்காகப் பயந்துகொண்டு உட்கார்ந்திருந்தேன். பாதி காதில் விழுந்தது, மீதி நான் இட்டுக்கட்டியது.

2
‘கொல்லிமலை மேல் மேகங்கள் தவழ்ந்த அந்தக் காலை...’

வேண்டாம். மேகத்துக்கு இங்கே வேலையில்லை.

பாவாயி ஏணி போட்டு மிளகு பறிப்பவள். வலது கையில் பிடி தளர்ந்துகொண்டே வருகிறது. தசைக்குள் மெல்லிய ஊசியைச் செருகிப் பார்த்தால்தான் கோளாறு எங்கே என்று தெரியும், வைத்தியமும் தொடங்கும். போன தடவை டவுனில் வலி தாங்காமல் பாதியில் எழுந்து வந்துவிட்டாள். இன்றும் எழுந்துவிட்டால் அந்தக் கை அவ்வளவுதான்.

3
முகாம் டாக்டர் ராதிகாவைச் சிடுமூஞ்சியாக எழுதி, அந்த வரியை அடித்துவிட்டேன். திரைக்குள்ளிருந்து கேட்ட அந்தக் குரலுக்கு ஒட்டவில்லை. ஊசி ஏறும்போது இருமினால் வலி அவ்வளவாகத் தெரியாது என்று பொறுமையாகச் சொன்னார்.

பாவாயி இருமினாள். ஆனால் டாக்டர் முகத்துக்கு நேரே வாயைத் திறந்துகொண்டு எப்படி இருமுவது? ஊசி ஏறவேண்டிய வலது கையையே தூக்கி வாயைப் பொத்திக்கொண்டாள். ஊசி கீறிவிட்டது. இடது கையால் பொத்துங்கள் என்றார் டாக்டர். பெரிய மனுஷி முன்னால் இடது கையா? (இந்த இடத்தில் நான் சிரித்துவிட்டேன். மன்னிக்கவும்.)

“வேண்டாமுங்க, நான் ஊட்டுக்குப் போறேனுங்க.”

4
அவள் கணவர் காளியண்ணன் என் பக்கத்தில்தான் இருந்தார். வாயே திறக்காத இவரை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று கதையிலிருந்தே வெட்டிவிட இருந்தேன். எழுந்து திரைக்குள் போனார்.

“நான் பொத்திக்கறேன். நீ இருமு, பாவாயி.”

இருமல் கேட்டது. வலித்ததா என்று டாக்டர் கேட்டார்.

“இல்லீங்க. இவரு கைதான் மொளகுக் காரமா இருக்குதுங்க.”*

ஒவ்வொரு ஊசிக்கும் ஓர் இருமல், ஓர் உள்ளங்கை. சோதனை முழுசாக முடிந்தது.

* இது என் சேர்க்கையல்ல, சத்தியம்.

5
முடிவு ஒன்று: கழுத்தில் நரம்பு அழுந்தியிருக்கிறது, சரியாகிவிடும்.
முடிவு இரண்டு: அது வேறு நோய், கை மெல்ல மெல்ல...

டாக்டர் சொல்லத் தொடங்கினார். திரை வெறும் துணிதான், எனக்கும் கேட்டிருக்கும். அத்தனை நேரம் ஒட்டுக்கேட்டவன் எழுந்து வெளியே போய்விட்டேன். அந்த இரண்டு பேரையும் எனக்குப் பிடித்துப்போய்விட்டது.

மீதியை நீங்கள் எழுதுங்கள். இரண்டாவது முடிவுதான் சரியென்று படுகிறவர்கள், உள்ளே போய் அவள் முகத்தைப் பார்த்துச் சொல்லிவிட்டு வாருங்கள். என்னால் முடியாது.