மறுத்துப் பேசும் பயிற்சி

மின்வாரியத்தில் ஓய்வு பெற்ற எனக்கு மருத்துவ ஆராய்ச்சியில் வேலை கிடைத்ததற்கு ஒரே காரணம், பாப்பாரப்பட்டியில் என்னைப்போல் கூசாமல் புளுகுகிறவன் வேறு யாரும் இல்லை என்பதுதான். காவிரிக்கு இந்தப் பக்கமே இல்லை. இருந்தால் நேரில் வரட்டும்.

எதிர்வீட்டுக் கோகிலவாணி கல்லூரியில் உயிர்வேதியியல் பேராசிரியை. அவளுடைய மாணவி பூவிழி, வத்தல்மலைப் பெண். வீட்டில் முதன்முதலாகக் கல்லூரிக்குப் போனவள். ரத்த அணுக்களை நுண்ணோக்கியில் பார்த்தால் ஒவ்வொன்றையும் பெயர் சொல்லிக் கூப்பிடுவாள். போன வருடம் பெங்களூர் ஆராய்ச்சிக்கூடத்தில் கோடைப் பயிற்சிக்கு நேர்காணல் நடந்தது, இடம் கிடைக்கவில்லை. இந்த வருடம் விட்டால் படிப்பு முடிந்துவிடும், வாய்ப்பும் போய்விடும்.

"அந்த பெங்களூர் புரொபசர் வேணும்னே தப்பா ஒண்ணு சொல்லிப் பாத்தாருங்கண்ணா. இவ சரிங்க சார்னு தலையாட்டிட்டு வந்துட்டா" என்றாள் கோகிலவாணி.

"தப்புன்னு தெரியலியா புள்ள?"

"தெரிஞ்சுதுங்க. பெரியவங்க சொல்றப்ப எப்படிங்க இல்லேங்கறது?" என்றாள் பூவிழி.

நம் பக்கத்தில் இதற்கு நல்ல வளர்ப்பு என்று பெயர்.

"அதுக்குத்தான் உங்ககிட்ட கூட்டியாந்தேன். நீங்க புளுகுங்க. அவ மறுக்கணும்."

இப்படி ஒரு கௌரவத்தை மின்வாரியம்கூட எனக்குக் கொடுத்ததில்லை. உடனே ஆரம்பித்தேன்.

"எங்க அத்தை ஒரு வாரம் ராகிக்களி தின்னா, சர்க்கரை நோய் ஓடியே போச்சு."

"சரிங்க."

"மலேரியா கொசு காரிமங்கலம் சந்தைக்கு பஸ்லதான் போவுது. நானே டிக்கெட் எடுத்துக் குடுத்தேன்."

"அப்படிங்களா."

கோகிலவாணி தலையில் அடித்துக்கொண்டாள். நான் விடவில்லை. தினமும் மாலையில் பெண் வருவாள், நான் அவிழ்த்து விடுவேன், அவள் தலையாட்டுவாள். கடைசியில் ஒருநாள், "என்னைக் கடிச்ச கொசுவெல்லாம் லாரி லாரியா செத்து விழுது. என் ரத்தந்தான் டெங்குவுக்கு மருந்து" என்றேன்.

ஆட்டப்போன தலையை அவள் பாதியில் நிறுத்தினாள்.

"பக்கத்து வூட்டுக்காரங்கள கடிச்ச கொசு சாவலீங்களா?"

"அத யாரு பாத்தா?"

"பாக்காம எப்படிங்க சொல்றீங்க? உங்க வூட்ல கொசுவத்தி எரியுதுங்களே!"

"நாப்பது வருசமா நான் கேக்காதத கேட்டுட்டாளே!" என்று அடுப்படியிலிருந்து கை தட்டினாள் என் மனைவி ஜானகியம்மாள்.

மலையில் சிக்னல் கிடைக்காது என்பதால் ஆன்லைன் நேர்காணல் எங்கள் வீட்டிலேயே நடந்தது. நாங்கள் மூவரும் கதவுக்குப் பின்னால். மடிக்கணினியில் புரொபசர் ஒரு வரைபடத்தைக் காட்டி, "மருந்து கொடுத்த எல்லாருக்கும் ஒரே வாரத்தில் காய்ச்சல் இறங்கிவிட்டது. ஆக, மருந்து வேலை செய்கிறது. சரிதானேம்மா?" என்றார்.

"ச..." என்று ஆரம்பித்தாள் பூவிழி. என் இதயம் பென்னாகரம் வரைக்கும் போய்த் திரும்பியது.

"...இல்லீங்க சார். மருந்து சாப்பிடாதவங்களுக்கும் ஒரு வாரத்துல தானா எறங்கியிருக்கலாமுங்களே. அவங்கள நீங்க காட்டவேயில்லையே?"

"பத்து வருஷமாக இதைத்தான் காட்டுகிறேன்."

"பத்து வருசமும் தப்புதாங்க சார்."

மடிக்கணினியிலிருந்து ஒரே சிரிப்புச் சத்தம்.

"திங்கட்கிழமையே வந்து சேர்ந்துவிடும்மா."

"முடியாதுங்க சார். செமஸ்டர் பரீட்சை இருக்குதுங்க."

"சரி, சரி. முடித்துவிட்டு வா" என்றார் அவர்.

ஜானகியம்மாள் போட்ட கூச்சலில் வத்தல்மலை ஓரடி தள்ளிப் போனது. நம்பாதவர்கள் டேப் கொண்டுவந்து அளந்து பார்க்கலாம்.