நடுவில் கூட விழுந்த ஒன்று

மூன்றாவது தடவையும் கோட்டை விட்டால் அவ்வளவுதான். ஜாஸ் இசை கற்பித்தலில் முதுகலைப் பட்டம் வாங்க வேண்டுமென்றால், தேர்வாளர்கள் முன்னால் ஒரு வகுப்பு நடத்திக் காட்ட வேண்டும். அதற்கு மூன்றே வாய்ப்பு என்று விதிப் புத்தகத்தின் பதினோராம் பக்கம் சொல்கிறது. பியானோக்காரிக்கு அந்தப் பக்கம் மனப்பாடம். மற்ற பக்கங்களும் அப்படி மனப்பாடமாகியிருந்தால் இந்தக் கதி வந்திருக்காது.

நாற்பத்து மூன்று வயதில் எதற்கு இந்தப் படிப்பு என்று கேட்காத வாய் இல்லை. பத்தொன்பது வருஷம் ஓட்டல் ஒன்றின் வரவேற்புக் கூடத்தில் வாசித்தவள் அவள். இரண்டு வருஷத்துக்கு முன் அங்கே தானாகவே வாசிக்கும் பியானோ வந்து உட்கார்ந்துகொண்டது. அதற்குத் தலைவலி வராது, லீவும் கேட்காது. பள்ளிக்கூடங்களில் போய் நின்றால், "வாசிக்கறது இருக்கட்டும், பட்டம் எங்க?" என்றார்கள். ஒரே ஒரு தலைமை ஆசிரியை மட்டும், ஒன்றாம் தேதிக்குள் பட்டத்தோடு வந்தால் இடம் உண்டு என்று சொல்லியிருந்தார். இன்று இருபத்தாறு. தேர்வு நடப்பதும் அந்தப் பள்ளியில்தான்.

முதல் தடவை வாசித்துக் காட்ட உட்கார்ந்தவள், பிள்ளைகள் இருப்பதையே மறந்து இருபது நிமிஷம் வாசித்துத் தீர்த்தாள். இரண்டாம் தடவை பயத்தில் வாயே திறக்கவில்லை. 'வாசிக்கத் தெரிகிறது. கற்பிக்கத் தெரியவில்லை' என்று எழுதிக் கொடுத்தார்கள். அந்தக் காகிதத்தை அவள் கிழிக்கவும் இல்லை, யாரிடமும் காட்டவும் இல்லை.

அவள் கணவர் லிஃப்ட் பழுது பார்ப்பவர். காலையில் செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னார்: "லிஃப்ட் நடுவுல நின்னுட்டா, உள்ள மாட்டினவங்ககிட்ட நான் ஒன்னே ஒன்னுதான் சொல்வேன். குதிக்காதீங்க. நீயும் குதிக்காத, சரியா?"

"சரிங்க," என்றாள். மனசு ஏற்கெனவே குதித்துக்கொண்டிருந்தது.

எட்டாம் வகுப்பு, முப்பத்திரண்டு பிள்ளைகள். சுவரோரம் ஒரு பழைய பியானோ, அதில் இரண்டு கட்டைகள் அமுக்கினால் எழும்பாது. பின்வரிசையில் பிள்ளைகளின் நாற்காலியில் முழங்கால் முகவாயில் இடிக்க இரண்டு தேர்வாளர்கள். ஒருவர் முப்பது வருஷமாக பாஸ் கிட்டார் வாசிக்கும் பேராசிரியர். இன்னொருவர் கல்வித் துறையிலிருந்து வந்த அம்மா. இசை தெரியாது, படிவம் தெரியும். அவருக்கு 'படிவ அம்மா' என்று மனசுக்குள் பெயர் வைத்துவிட்டாள்.

பாடம் சின்னது. ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்று எண்ணும்போது, நமக்கெல்லாம் கை தானாக ஒன்றிலும் மூன்றிலும் விழும். ஜாஸுக்கு இரண்டிலும் நான்கிலும் விழ வேண்டும். மாற்றித் தட்டினால் ஆட வேண்டிய பாட்டு அணிவகுப்பு நடக்கும். நாற்பது நிமிஷ முடிவில் பிள்ளைகள் இரண்டிலும் நான்கிலும் தட்டுவார்கள் என்று திட்டத்தில் அவளே எழுதிக் கொடுத்திருந்தாள்.

பிள்ளைகள் ஒன்றில் தட்டினார்கள். எண்ணச் சொன்னாள், எண்ணிக்கொண்டே ஒன்றில் தட்டினார்கள். ஒன்றில் காலைத் தட்டுங்கள், இரண்டில் கையைத் தட்டுங்கள் என்றாள். காலும் கையும் ஒன்றாக விழுந்தன. வகுப்பைப் பாதியாகப் பிரித்தாள். பிரிந்தவர்கள் பாதிப் பாதியாகத் தப்பு செய்தார்கள். படிவ அம்மாவின் பேனா நிற்கவே இல்லை. இருபத்தெட்டு நிமிஷம் போய்விட்டது. ஐயோ, இதுவும் போச்சு என்று நினைத்தாள். பியானோ கட்டைகள் விரலுக்கடியில் ஈரமாக வழுக்கின.

அப்போதுதான் பழைய புத்தி வந்தது.

ஓட்டலில் விருந்தாளிகள் குஷியில் கை தட்டுவார்கள், எப்போதும் ஒன்றிலும் மூன்றிலும். அவர்களைத் திருத்த முடியுமா? பாட்டைத் திருத்திவிடுவாள். நான்கு எண்ணிக்கை வர வேண்டிய ஓர் அடியில் ஒரே ஒரு தடவை ஐந்து வாசிப்பாள். பாட்டு ஓர் எண்ணிக்கை தள்ளிப் போகும். தட்டுகிற கை அப்படியே இருக்க, அது இரண்டில் விழும். யாருக்கும் தெரியாது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பதில் அவளுக்குப் பத்தொன்பது வருஷ அனுபவம்.

"இன்னொரு தடவை. நல்லா கேட்டுத் தட்டுங்க," என்று ஆரம்பித்தாள். எட்டாவது அடியில் ஐந்தாவதைச் செருகினாள்.

வகுப்பு சட்டென்று சரியானது. முப்பத்திரண்டு பிள்ளைகளும் இரண்டிலும் நான்கிலும் தட்டினார்கள். தோள்கள் தானாக ஆடின. படிவ அம்மாகூடத் தலையசைத்தார்.

முப்பத்திரண்டு இல்லை, முப்பத்தொன்று. கடைசி வரிசைப் பெண் ஒருத்தி தட்டுவதை நிறுத்திவிட்டு, நெற்றியைச் சுருக்கிக்கொண்டு விரல் விட்டு எண்ணிக்கொண்டிருந்தாள். பாட்டு முடிந்ததும் கை தூக்கினாள்.

"மிஸ், நடுவுல ஒன்னு கூட விழுந்துச்சே?"

வகுப்பு கொல்லென்று சிரித்தது. "டியூப்லைட் மறுபடியும் ஆரம்பிச்சுட்டாடா!" என்றான் ஒருவன். அதுதான் வகுப்பில் அவளுக்குப் பெயர்.

பேராசிரியர் நிமிர்ந்தார். படிவ அம்மாவின் பேனா காகிதத்துக்கு மேலே நின்றது. பியானோக்காரிக்குப் பதினோராம் பக்கம் கண்ணுக்கு முன்னால் வந்தது.

"இல்லம்மா," என்றாள். குரல் அவ்வளவு கனிவாக வந்ததை அவளாலேயே நம்ப முடியவில்லை. "நீ எண்ணிக்கையை விட்டுட்ட. பரவால்ல, பழகப் பழக வந்துரும்."

டியூப்லைட் கையை இறக்கினாள். அடுத்த தடவை எல்லோரையும் பார்த்துப் பார்த்து, எல்லோர் மாதிரியும் தட்டினாள்.

மணி அடித்தது. தேர்ச்சி. படிவ அம்மா படிவத்தைத் திருப்பிக் காட்டினார். ஒரு கட்டத்தில், 'மாணவியின் பிழையைப் பொறுமையாகத் திருத்தினார்' என்று எழுதி ஐந்துக்கு ஐந்து போட்டிருந்தார். பேராசிரியர் கை குலுக்கினார், முகத்தைப் பார்க்காமல். தாழ்வாரத்துக்கு வந்து கணவருக்கு 'பாஸ்' என்று மட்டும் அனுப்பினாள். 'எங்க ஆளுங்க எல்லார்கிட்டயும் சொல்லிட்டேன்!!!' என்று உடனே பதில் வந்தது. அதைப் படித்து அவளுக்குச் சந்தோஷம் வரவில்லை. முகம் கழுவலாம் என்று குழாயடிக்குப் போனாள்.

அங்கே டியூப்லைட் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தாள். இவளைப் பார்த்ததும் பாட்டிலை மூடினாள்.

"சாரி மிஸ். எல்லார் முன்னாடியும் தப்பாக் கேட்டுட்டேன்."

"அதெல்லாம் ஒன்னுமில்ல."

"எனக்கு எப்பவுமே இப்படித்தான் மிஸ். கேக்கறது ஒன்னு, இருக்கறது ஒன்னு. அடுத்த வருஷம் மியூசிக் வேணாம், டிராயிங் எடுத்துக்கறேன்னு சொல்லிட்டேன். படிவம்கூட வாங்கிட்டேன்."

அவள் அதை வருத்தமாகக்கூடச் சொல்லவில்லை. பியானோக்காரி திறந்த குழாயை மூடாமல் நின்றாள். அந்த அறையில் காது இருந்தது ஒருத்திக்கு. அவளைப் பார்த்துத்தான் உனக்குக் காது இல்லை என்று சொல்லியாயிற்று. குடித்துவிட்டுத் தட்டும் எவனோ ஒரு விருந்தாளியை ஏமாற்றுவது வேறு. இது பாவம். அவளுக்கு அழுகை முட்டியது, பயமும் முட்டியது. ஒன்றாம் தேதிக்கு இன்னும் ஐந்து நாள்.

"கொஞ்சம் என்கூட வா," என்று அவள் கையைப் பிடித்தாள்.

இசை அறையில் படிவ அம்மா உறையை ஒட்டி அமுக்கிக்கொண்டிருந்தார். பேராசிரியர் பையை மாட்டியிருந்தார். பியானோக்காரி யாரிடமும் எதுவும் கேட்காமல் போய் உட்கார்ந்தாள்.

"நான் வாசிக்கறேன். எங்க கூட விழுதோ, அங்க கை தூக்கு."

அதே பாட்டு. ஒரு அடி, இரண்டு அடி. வேண்டுமென்றே இடத்தை மாற்றி, பதினோராவது அடியில் ஐந்தாவதைச் செருகினாள். கை சரியாக அங்கே உயர்ந்தது.

"நீ எண்ணினது சரிதான். நான்தான் உன்கிட்ட பொய் சொன்னேன்," என்றாள். அழுதுகொண்டே சொன்னாள், வாசிப்பதை விடவில்லை.

பேராசிரியர் பையைக் கீழே வைத்தார். "கேட்டுச்சும்மா," என்றார் மெதுவாக. "எனக்கும் அப்பவே கேட்டுச்சு. மூணாவது தடவையாச்சேன்னு வாயை மூடிக்கிட்டேன்."

"என்ன கேட்டுச்சு?" என்றார் படிவ அம்மா. "யாராவது எனக்குப் புரியற மாதிரி சொல்றீங்களா?"

சொன்னார்கள். அவர் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு ஒட்டிய உறையை ஓரமாகக் கிழித்துப் படிவத்தை எடுத்தார்.

பியானோக்காரியின் பையில் தொலைபேசி அதிர்ந்தது. கணவராகத்தான் இருக்கும், இனிப்பு எது வாங்க என்று கேட்பார். அவள் எடுக்கவில்லை.

"கூட விழறதுக்கு முன்னாடி பாட்டு எப்படி இருந்துச்சு?" என்று டியூப்லைட்டைக் கேட்டாள்.

"நடக்கற மாதிரி."

"விழுந்த பிறகு?"

"ஊஞ்சல் மாதிரி."

"இப்ப நான் எதையும் மாத்த மாட்டேன். ஊஞ்சல் மாதிரி நீயே தட்டு."

டியூப்லைட் முதல் எண்ணிக்கையை விட்டாள். இரண்டில் தட்டினாள். மூன்றை விட்டாள். நான்கில் தட்டினாள். மறுபடி இரண்டில்.

"மிஸ், அப்ப டிராயிங் படிவத்தைத் திருப்பிக் குடுத்துரவா?"

"குடுத்துரு."

படிவ அம்மா கடிகாரத்தைப் பார்த்தார். "உங்க நாப்பது நிமிஷம் எப்பவோ முடிஞ்சுபோச்சும்மா," என்று வருத்தமாகச் சொல்லிவிட்டு, 'தேர்ச்சி' என்ற சொல்லின் குறுக்கே அளவுகோலை வைத்து நேராக ஒரு கோடு போட்டார்.

கை இரண்டிலும் நான்கிலும் விழுந்துகொண்டிருந்தது. பியானோக்காரி வாசித்துக்கொண்டே இருந்தாள்.