வரிசைக்கு இரண்டு

வரிசைக்கு இரண்டை எடுத்துவிட்டால் போதும். அப்பாவின் சைக்கிள் பேட்டரியில் மொத்தம் பத்து வரிசை, வரிசைக்கு நான்கு செல். இரண்டு இரண்டாக எடுத்தால் இருபது மிஞ்சும். வோல்டேஜ் மாறாது. கைப்பிடியில் இருக்கும் சின்னத் திரையில் ஐந்து கோடுகளும் எப்போதும்போல நிறைந்து நிற்கும். வேகமும் குறையாது, தூரம் மட்டும் பாதியாகிவிடும். பெட்டி லேசாகிவிட்டால் தூக்கும்போதே அப்பாவுக்குத் தெரிந்துவிடும். அதனால் எடுத்த இடத்தில் செத்துப்போன பழைய செல்களை வைத்து, எதோடும் சேர்க்காமல், டேப் சுற்றிவிடலாம். எடை அப்படியே இருக்கும்.

இவ்வளவும் யோசித்து முடித்த பிறகுதான், வண்டி ரொம்ப தூரம் போகாதபடி செய்ய முடியுமா என்று அக்கா கேட்டதற்கு நான் இன்னும் பதிலே சொல்லவில்லை என்பது நினைவுக்கு வந்தது.

அவள் பின்னறை வாசலில் கைப்பையைக்கூடத் தோளிலிருந்து இறக்காமல் நின்றிருந்தாள். உட்காரச் சொல்லவும் இடமில்லை. இருந்த ஒரே ஸ்டூலில் ஒரு சக்கரம் படுத்திருந்தது. ஞாயிற்றுக்கிழமை காலை பதினோரு மணி. கூடத்தில் அப்பாவும் என் கணவரும் பேசிக்கொண்டிருந்தது கேட்டது. அப்பாவின் வண்டியை ஒரு வேனில் ஏற்றிக்கொண்டு அவரையும் கூட்டி வந்திருந்தாள். பிரேக் உரசுகிறது, தங்கச்சி பார்க்கட்டும் என்று அவரிடம் சொல்லியிருக்கிறாள். பிரேக்கில் ஒன்றுமில்லை.

"என்னடி, கேட்டேனே. முடியுமா?" என்றாள் மெதுவாக.

"முடியும்" என்றேன். அது கேள்விக்குச் சரியான பதில்தான். அவளுக்கு வேண்டிய பதிலும் அதுதான். ஆனால் சொன்ன உடனே, வேறு யாரோ என் சார்பில் கையெழுத்துப் போட்டுவிட்டதுபோல் இருந்தது.

சைக்கிளுக்கு மோட்டார் மாட்டும் இந்தப் பைத்தியம் பிடித்து இரண்டு வருடமாகிறது. கண்ணாடிக் கடையின் உள்ளறையில் லென்ஸ் தேய்ப்பது என் வேலை. பதினேழு வருடமாக அதே நாற்காலி, அதே இயந்திரம். கடை மேட்டில் இருக்கிறது. முழங்கால் வலி வந்த பிறகு அந்த மேட்டைப் பார்த்தாலே சைக்கிளிலிருந்து இறங்கிவிடுவேன். யாரோ சொன்னார்கள் என்று மோட்டார் வைத்த சக்கரம் ஒன்றை வரவழைத்தேன். பெட்டியைத் திறந்ததும், சக்கரத்தின் நடுவில் மூடிய சட்டி ஒன்றைப் பொருத்தியதுபோல் மோட்டார் இருந்தது. அதன் அச்சு என் சைக்கிளின் பிளவில் நுழையவில்லை. ஒரு மணி நேரம் அரத்தால் ராவினேன். இரும்புத்தூள் விரலிடுக்கில் ஏற ஏற, எனக்குள் என்னவோ அடங்கியது. எல்லாக் கம்பிகளையும் சேர்த்துவிட்டு ஏறி மிதித்தேன். ஒன்றும் நடக்கவில்லை. சலிப்போடு இறங்கி, வீட்டுக்குள் விடலாம் என்று வண்டியைப் பின்பக்கமாக இழுத்தேன். பெடல் பின்னால் சுற்றியதுதான் தாமதம், வண்டி என் கையை உதறிக்கொண்டு முன்னால் பாய்ந்து கேட்டில் மோதியது. பெடலை மிதிப்பதை உணர்ந்து மோட்டாருக்குச் சொல்லும் காந்த வளையத்தை நான் தலைகீழாக மாட்டியிருந்தேன். என் கணவர் பள்ளிக்கூடத்தில் சோதனைச்சாலை உதவியாளர். இப்படிப்பட்டதைப் பார்த்தால் அவருக்குச் சிரிப்பு அடங்காது.

"போன்னா நிக்குது, வான்னா போகுது. இந்த மாதிரி வீட்ல ஏற்கெனவே ஒண்ணு இருக்கே, இன்னொண்ணு எதுக்கு?"

அன்று மத்தியானமே வளையத்தைத் திருப்பிப் போட்டேன். மறுநாள் மேட்டில் ஏறும்போது முதுகில் யாரோ உள்ளங்கையை வைத்து மெல்லத் தள்ளுவதுபோல் இருந்தது. சிறுவயதில் சைக்கிள் கற்றுக்கொண்டபோது அப்படித் தள்ள எனக்கு யாரும் இருக்கவில்லை, நானாகவே விழுந்து விழுந்து கற்றேன். அதனால்தானோ என்னவோ, மேட்டின் உச்சியில் நிறுத்திவிட்டுக் கொஞ்ச நேரம் மூச்சு வாங்கினேன். மூச்சு வாங்க வேண்டிய தேவையே இல்லாதபோதும்.

அதற்கப்புறம் நிற்கவில்லை. கடையில் கண் சோதிக்கிறவளுக்கு ஒன்று. பக்கத்துத் தெரு தபால்காரருக்கு ஒன்று. கேட்டவர்களுக்கும் கேட்காதவர்களுக்கும் சேர்த்துப் பதினொன்று. யார் வந்தாலும் முகத்தைப் பார்க்கும் முன் பின்சக்கரத்தைப் பார்க்கிறேன். தெருவில் என்னைக் 'கரண்டு அக்கா' என்கிறார்கள். பேட்டரியையும் நானே கட்டத் தொடங்கியபோது கணவர், "எனக்குப் படுக்க மட்டும் எடம் விட்டு வை. மத்ததெல்லாம் நீயே வச்சுக்கோ" என்றார். கோபமில்லாமல்தான் சொன்னார். ஆனாலும் அன்று சோறு ஆறிப்போயிருந்தது. அடுப்படியில் நிற்கும்போதும் எனக்குள் கம்பிகள் நிறம் நிறமாக ஓடிக்கொண்டிருந்தன.

ஏன் இப்படி என்று என்னை நானே கேட்டுப் பார்த்திருக்கிறேன். லென்ஸ் தேய்க்கிறவள் யாருடைய கண்ணையும் பார்ப்பதில்லை. சீட்டில் எண் வரும், தேய்த்துக் கொடுப்பேன், முன்பக்கத்தில் வேறு யாரோ அதை ஒரு முகத்தில் மாட்டுவார்கள். தெளிவாகத் தெரிகிற அந்த முதல் நொடி எப்படி இருக்கும் என்று பதினேழு வருடத்தில் எனக்குத் தெரியாது. வண்டியில் அப்படியில்லை. மோட்டார் முதன்முதலாகப் பிடிக்கும் நொடியில் எல்லோருக்கும் ஒரே முகம்தான் வருகிறது. வாய் சற்றுத் திறக்கும், புருவம் ஏறும், வயது கழன்று விழும். அந்த முகத்துக்காகத்தான் செய்கிறேன் என்று நினைக்கிறேன். அது நல்ல ஆசையா என்று தெரியாது.

அப்பாவுடையது ஏழாவது வண்டி. அவர் வாயைத் திறக்கவில்லை, கண்ணை மூடிக்கொண்டார். "கண்ணத் தொறங்கப்பா!" என்று தெரு முழுக்கக் கேட்கும்படி கத்தினேன்.

இப்போது அக்கா சொன்னாள்: "பத்து மணிக்குப் போனவரு, திரும்பி வர்றப்ப நாலு. போன் மேசை மேலயே கெடக்கு. ரெண்டு ஆஸ்பத்திரிக்குப் போன் பண்ணிட்டேன். வந்து செருப்ப கழட்டிட்டு, 'சாப்பாடு இருக்கா'ங்கறாரு."

"எங்க போனாராம்?"

"அது போகுதாம், இவரு போறாராம். கேட்டா அதான் பதில்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அக்கா சிரிக்கவில்லை.

"உனக்கென்ன, சிரிப்ப. வண்டியச் செஞ்சு குடுத்து அப்பாகிட்ட நல்ல பேரு வாங்கிட்ட. வாசலப் பாத்துட்டு ஒக்கார்றது யாரு? அவரு வெளிய போனா எனக்குத் தையல் நேரா வர மாட்டேங்குது. போன வாரம் ஒரு சட்டைக்குக் கைய மாத்தி வச்சுத் தச்சிருக்கேன், தெரியுமா? முப்பது வருஷத்துல அப்படி ஒரு தப்பு பண்ணதில்ல. எழுபத்தாறு வயசுடி அவருக்கு."

அக்கா வீட்டில் சன்னலோரம் மெஷின் இருக்கிறது. பள்ளிச் சீருடைகள் தைக்கிறாள். அம்மா போனதிலிருந்து ஒன்பது வருடமாக அப்பா அவளோடு இருக்கிறார். நான் மாதம் இரண்டு ஞாயிறு போய், பழம் வைத்துவிட்டு, மாலைக்குள் திரும்புகிறவள். அவருடைய கண் மட்டும் எனக்குத் தெரியும். வலது கண்ணுக்கு எவ்வளவு, இடது கண்ணுக்கு எவ்வளவு என்று எண்ணாகத் தெரியும். அவர் போட்டிருப்பது நான் தேய்த்த லென்ஸ். அதைத் தவிர மற்ற அப்பா முழுக்க அக்காவின் பொறுப்பு. அவளுடைய பயத்தைப் பார்த்துச் சிரிக்க எனக்கு உரிமை இல்லை.

"சும்மா தெறந்து பாக்கறேன்" என்றேன்.

பேட்டரியைச் சட்டத்திலிருந்து கழற்றி மேசையில் வைத்தேன். மூடியின் நான்கு திருகுகளையும் எடுத்து ஒரு கிண்ணத்தில் போட்டேன். நீல உறைக்குள் செல்கள் நான் அடுக்கியபடியே அடுக்காக இருந்தன. நிக்கல் பட்டைகள் கொஞ்சமும் கறுக்கவில்லை. வெட்டுக்குறடை எடுத்தேன். சும்மா பார்ப்பதற்குக் குறடு எதற்கு என்று ஒரு பக்கம் மனம் கேட்டது. இன்னொரு பக்கம், மூன்றாவது வரிசையிலிருந்து தொடங்கினால் வேலை சுலபம் என்று கை சொன்னது. கைக்கு நல்லது கெட்டது தெரியாது. ஒரு முடிச்சைக் காட்டினால் போதும், அது யாருடைய கழுத்தில் இருக்கிறது என்று பார்க்காமல் அவிழ்க்கவோ இறுக்கவோ தொடங்கிவிடும். இரண்டு வருடமாக நான் சந்தோஷம் என்று நினைத்துக்கொண்டிருந்ததில் பாதி இந்தக் குருட்டுத்தனம்தான் என்று அப்போது தோன்றியது.

"என்னம்மா, வயித்தக் கிழிச்சு வச்சிருக்க?"

அப்பா. அக்கா சட்டென்று நகர்ந்து எனக்கும் அவருக்கும் நடுவில் நின்றாள். அவர் அவளை ஒதுக்கிவிட்டு உள்ளே வந்து, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு குனிந்து பார்த்தார். முப்பத்தொரு வருடம் வீடு வீடாகப் போய் மின்சார மீட்டர் கணக்கெடுத்தவர். எந்தப் பெட்டியைத் திறந்து வைத்தாலும் கையை இப்படிப் பின்னால் கட்டிக்கொண்டுதான் பார்ப்பார்.

"செக் பண்றேன்ப்பா."

"பிரேக்குக்கு எதுக்கு பேட்டரிய செக் பண்ற?"

அக்கா முந்திக்கொண்டாள். "எல்லாத்தையும் ஒருவாட்டி பாக்கறேன்னா. பாக்கட்டுமே."

"பாக்கட்டும், பாக்கட்டும்." அவர் நிமிர்ந்து, ரகசியம்போல என்னிடம் கேட்டார். "இன்னொரு பேட்டரி வச்சா எவ்ளோ தூரம் போகும்?"

"அப்பா!" என்றாள் அக்கா.

"கேட்டுத்தான் வைக்கிறேன். கேக்கறதுக்கும் உன்கிட்ட லீவு லெட்டர் குடுக்கணுமா?" கூடத்திலிருந்து என் கணவர் சிரிக்கும் சத்தம் வந்தது. "மாப்ள சிரிக்கிறாரு பாரு. அவருக்குத்தான் என் கஷ்டம் புரியுது, அவரும் உங்க ரெண்டு பேர்ல ஒருத்திகிட்டதான மாட்டிருக்காரு."

அவர் திரும்பினார். வாசல்வரை போய் நின்று, எதையோ ஞாபகப்படுத்திக்கொண்டவராக, "பேட்டரில ஒண்ணும் இருக்காதும்மா. ரொம்ப நோண்டாத" என்றார். "போன வாரம் பாலத்து மேட்டுல கொஞ்சம் இழுக்கல. காத்து எதிர்ல அடிச்சுது. அது வண்டியில்ல, என் காலுதான். முன்ன மாதிரி இல்ல. நீ கட்டின பேட்டரிக்கு என்ன வந்துரப் போகுது?"

சொல்லிவிட்டுப் போய்விட்டார். கூடத்தில் நாற்காலி கிரீச்சிட்டது, பேச்சு விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தது.

எதிர்க்காற்றில் ஒருநாள் வண்டி சிணுங்கியதற்கே தன் காலைக் குற்றம் சொல்கிறவர். பாதி வழியில் அது மொத்தமாக நின்றால் என்ன நினைப்பார்? கிளம்பும்போது திரையில் நேற்றுவரை இருந்த அதே கோடுகள் இருந்திருக்கும். மகள் கட்டியது பொய் சொல்லாது. அப்படியானால் பொய்த்துப்போனது வேறு என்ன? அவர் ஒவ்வொரு நாளும் கொஞ்சம் முன்னதாகத் திரும்புவார். பாலம் வேண்டாம் என்பார், பிறகு கடைத்தெரு வேண்டாம் என்பார். ஒருநாள் வண்டியைச் சுவரோரம் சாய்த்துவிட்டு, 'எனக்கு முடியலம்மா' என்று அக்காவிடம் சொல்வார். அக்காவின் தையல் நேராகும். இல்லாத முதுமையை நான் இருபது செல்களில் எண்ணி எடுத்து அவர் உடம்புக்குள் வைத்திருப்பேன். அதை அவர் என்னிடம் கேட்கக்கூட மாட்டார். கால் தன்னுடையது என்று நம்பிக்கொண்டிருப்பார்.

குறடை மேசையில் வைத்தேன்.

"இல்லக்கா."

"என்ன இல்ல?"

"நான் செய்யல."

"இப்பதான முடியும்ன?"

"முடியும். செய்ய மாட்டேன்."

அவள் கூடத்தை ஒருமுறை பார்த்துவிட்டுக் குரலை இன்னும் தாழ்த்தினாள். "ஏன், நான் என்ன அவருக்குக் கெட்டதா நெனைக்கிறேன்?"

"இல்லக்கா. நீ பயப்படறது சரிதான். அவர்கிட்ட சொல்லிட்டு செய்யலாம். போன் எடுத்துட்டுப் போகச் சொல்லலாம். நான் புதன், வெள்ளி மத்தியானத்துக்கு மேல அங்க வந்து இருக்கேன், நீ நிம்மதியா தை. வாசல நான் பாத்துக்கறேன். ஆனா அவருக்குத் தெரியாம இதுல கை வைக்க மாட்டேன்."

"சொன்னா ஒத்துக்குவாரா? உனக்கு அவரத் தெரியாது."

"தெரியாதுதான்."

அதை மறுத்திருந்தால் அவள் சண்டை போட்டிருப்பாள். ஒத்துக்கொண்டதும் அவளுக்குப் பிடிமானம் போய்விட்டது. மேசையோரம் சாய்ந்தாள். தோளில் இருந்த பை சரிந்து முழங்கையில் தொங்கியது. நரை அவளுக்கு என்னைவிட அதிகமாக இல்லை, ஆனால் கண்ணுக்குக் கீழே இரண்டு வருடத்தில் ஏதோ இறங்கியிருந்தது. வண்டிகளைப் பார்த்துக்கொண்டிருந்ததில் இதை நான் பார்க்கவில்லை.

மூடியை எடுத்து நீல உறையின் மேல் பொருத்தினேன். திருகுகளுக்காகத் திரும்பினேன். அக்கா அவற்றை எடுத்துத் தன் உள்ளங்கையில் மூடி வைத்திருந்தாள்.

"ரெண்டு வேணாம்டி" என்றாள். சின்ன வயதில் என்னிடம் எதையாவது பங்கு கேட்கும்போது வரும் குரல் அது. "வரிசைக்கு ஒண்ணு மட்டும் எடு. கொஞ்சமா. பாலத்துக்கு இந்தப் பக்கமே நின்னுட்டா போதும் எனக்கு."

நான் தலையை அசைத்தேன். ஒரு கை மூடியை அழுத்திப் பிடித்திருந்தது. மற்றொரு கையை அவள் முன்னால் விரித்து நீட்டினேன். அவளுடைய மூடிய கை திறக்கவில்லை. எண்ணெய்க் கறுப்பு ஏறிய என் உள்ளங்கையை அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் கையை மடக்காமல் நின்றேன்.