கீலுக்கு எண்ணெய்

கதவு மாட்டுவதில் அந்தத் தச்சரை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. அவர் மாட்டிய கதவு முனகாது, இடிக்காது, ஒரு விரலுக்கு அடங்கும். ஆளும் அப்படித்தான். பின்னால் வந்து நின்றால்கூடத் தெரியாது. பட்டறையில் அவருக்குப் 'பூனை' என்றே பெயர். கூப்பிட்டால் சிரித்துக்கொள்வார். அந்த நடை எங்கே பழகியது என்று மட்டும் யாரிடமும் சொன்னதில்லை.

அப்பாவிடம் பழகியது. அப்பா தூங்கும்போது கதவு கிரீச்சிட்டால் இடுப்பு பெல்ட்தான் பேசும். அரை டிராயர் போட்ட வயதிலேயே சமையல் எண்ணெயைத் திருடிக் கீல்களில் விட்டவர் அவர். சத்தம் வராத நாள் அடி விழாத நாள். அப்பா போய்ச் சேர்ந்த பிறகும் அது மண்டையை விட்டு இறங்கவில்லை.

கல்யாணமானதும் வீட்டில் ஒரு கதவு விடாமல் எண்ணெய் போட்டார். மனைவி தையல் வேலை செய்பவள். கலகலவென்று இருப்பாள், திடீரென்று எதுவோ அழுத்திப் பிடித்ததுபோல் ஆகிவிடுவாள். தலை வாரமாட்டாள். மெஷினில் துணி பாதித் தையலோடு கிடக்கும். சுவரைப் பார்த்துப் படுத்தே இருப்பாள். மனச்சோர்வு என்று டாக்டர் மாத்திரை எழுதினார். பக்கத்தில் உட்கார்ந்து பேசுங்கள் என்றும் சொன்னார். மாத்திரையைத் தவறாமல் வாங்கிவந்தார் தச்சர். பேச்சு எந்தக் கடையில் கிடைக்கும் என்றுதான் தெரியவில்லை.

படுத்திருப்பவரை எழுப்பக் கூடாது, அவ்வளவுதான் அவர் வளர்ந்த வீட்டில் கற்றது. அறை வாசலில் நின்று அவள் முதுகைப் பார்ப்பார். டீயைத் தட்டால் மூடிவைத்துவிட்டு, வந்த சுவடே தெரியாமல் போய்விடுவார். அன்பு என்றால் அதுதான் என்று நினைத்தார், பாவி மனுஷன்.

ஒருநாள் அவளே எழுந்து உட்கார்ந்து கேட்டாள்.

"வரும்போது கதவையாவது படார்னு சாத்துங்களேன். வீட்ல இன்னொரு ஆள் இருக்குன்னு எனக்குத் தெரியணும்ல."

"உனக்குத் தொந்தரவா இருக்கும்னுதான்..."

"தொந்தரவு பண்ணுங்க. நான்தானே கேக்கறேன்."

மறுநாள் கதவைப் பிடித்து ஓங்கினார். கை பாதியில் நின்றது. அதையாவது உள்ளே போய் அவளிடம் சொல்லியிருக்கலாம். அந்த பெல்ட்டைப் பற்றி ஒரு வார்த்தை போதும், அவள் புரிந்துகொண்டிருப்பாள். சொல்லவில்லை. வழக்கம்போல் மெல்லச் சாத்தினார். கொஞ்ச நாளில் அவள் அக்கா வீட்டுக்குப் போய்விட்டாள்.

மிச்சத் துணிமணிகளை எடுக்க ஞாயிற்றுக்கிழமை வருவாள் என்று அக்கா போனில் சொன்னாள். இந்த முறை சொல்லிவிடுவது என்று தச்சர் முடிவெடுத்தார். எல்லாவற்றையும் சொல்லி, போகாதே என்றும் கேட்டுவிட வேண்டும். காலையில் டீ போட்டு, மூடாமலே மேசையில் வைத்துவிட்டு, சமையலறை ஜன்னல் பக்கம் திரும்பி நின்று ஒத்திகை பார்த்தார். எங்கப்பா என்னை அடிப்பாரு, எங்கப்பா என்னை அடிப்பாரு. ஒத்திகையிலும் உதடுதான் அசைந்தது, குரல் வரவில்லை.

டீ நினைவு வந்து திரும்பினார். டம்ளர் மேல் தட்டு மூடியிருந்தது. பக்கத்தில் அவளுடைய வீட்டுச் சாவி. ஓடிப்போய்ப் பார்த்தால் அலமாரி காலி. எப்போது வந்தாளோ, எவ்வளவு நேரம் அவர் முதுகைப் பார்த்துக்கொண்டு நின்றாளோ. அவர் எண்ணெய் போட்ட கதவு, அவள் வந்ததை அவருக்கே காட்டிக்கொடுக்கவில்லை.

தெருவுக்கு ஓடினார். அவள் இல்லை. திரும்பி வந்து உள்ளே நின்று, இரண்டு கையாலும் கதவைப் பிடித்துப் படாரென்று அறைந்து சாத்தினார். கட்டடமே அதிர்ந்தது. கேட்கத்தான் வீட்டில் ஆள் இல்லை.