டப்பாவுக்கு வெளியே ஒரு ஃபோல்டர்

வாழவந்தி நாட்டுப் பேருந்து நிறுத்தத்துக்கு எதிரே இருக்கும் பிரபா ஆன்லைன் சென்டரில் ஆட்களைவிடப் போன்கள்தான் அதிகம் குடியிருந்தன. சுவரோரத்து மரப்பலகையில் வரிசையாகப் படுத்துக்கொண்டு, ஆளுக்கொரு சார்ஜர் ஒயரைக் கடித்துக்கொண்டு, எந்நேரமும் அங்கேயே கிடக்கும். காரணம் இல்லாமல் இல்லை. மலைமேல் டவர் கண்ணுக்குத் தெரிகிற இடத்தில்தான் சிக்னல். பள்ளத்துக்குள் இருக்கும் ஊர்களில் போன் என்பது டார்ச் லைட், அவ்வளவுதான். ஆனால் பட்டா மாறுதல், சாதிச் சான்று, உர மானியம் என்று எதைத் தொட்டாலும் ஓடிபி கேட்கிறார்கள். மிளகுக்கொடிக்கு ஏணி போட்டு உச்சியில் நிற்கிற மனுஷனிடம் போய், நம்பர் வந்ததா என்று யார் கேட்பது? அதனால் ஆள் பள்ளத்தில் இருப்பார், அவர் போன் பிரபாவதி கடையில் இருக்கும். யார் முதலில் ஆரம்பித்தார்கள் என்று யாருக்கும் ஞாபகமில்லை. இப்போது அது ஊர் வழக்கம்.

அடையாளத்துக்கு ஒவ்வொன்றிலும் ஏதாவது ஒன்று கட்டியிருக்கும். சின்னான் போனில் பச்சை ரிப்பன். அவர் மனைவி ஆயம்மாள் போனில் ஒரு சிவப்புக் கண்ணாடி வளையல். பிரபாவதிக்குக் கண்ணை மூடிக்கொண்டு தடவினாலும் எது யாருடையது என்று தெரியும். மலையடிவாரத்துக் காளப்பநாயக்கன்பட்டியில் பிறந்தவள், மலைமேல் கடை போட வந்தபோது, "கீழ்நாட்டுப் பொம்பளைக்கு இங்க என்ன வேலை?" என்று பேசிய அதே வாய்கள்தான் இன்று போனைக் கொடுத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போகின்றன. அதில் அவளுக்குக் கொஞ்சம் கர்வம்கூட உண்டு. இருக்கட்டுமே, உழைத்துச் சம்பாதித்த கர்வம்தானே.

கம்ப்யூட்டரை அமைத்துக் கொடுத்தது அவள் தம்பி யுவராஜ். பெங்களூரில் வேலை. முன்பு ஒருமுறை ஏதோ கண்ட ஃபைலைத் திறந்து வைரஸ் புகுந்து எல்லாம் நாசமாகிப் போனதிலிருந்து, பிரவுசரை சாண்ட்பாக்ஸ் என்கிற ஒன்றுக்குள் வைத்துத்தான் ஓட்ட வேண்டும் என்று கறாராகச் சொல்லிவிட்டான். "பிரவுசர் என்ன செஞ்சாலும் ஒரு மூடுன டப்பாக்குள்ளதான்க்கா நடக்கும். சாயங்காலம் மூடுறப்போ டப்பாவைக் கொட்டிரு. நல்லதும் போயிரும், கெட்டதும் போயிரும். காலைல புதுசு." வாராவாரம் போனில் கூப்பிடுகிறவன் அக்கா சாப்பிட்டாளா என்று கேட்கிறானோ இல்லையோ, "டப்பாவைக் கொட்டுனியா?" என்று கேட்காமல் வைக்கமாட்டான்.

தொல்லை என்னவென்றால், நல்லதும் போய்விடுகிறதே, அதுதான். பலகையில் கிடக்கும் போன்களுக்கு வரும் மெசேஜ்கள் எல்லாம் ஒரே திரையில் தெரிவதற்கு பிரவுசரில் ஓர் எக்ஸ்டென்ஷன் போட்டிருந்தாள். போனில் ஒரு சின்ன ஆப், பிரவுசரில் அதற்கு ஜோடி. அற்புதமான சாமான். ஆனால் சாயங்காலம் டப்பாவைக் கொட்டினால் ஜோடி எல்லாம் அறுந்துவிடும். காலையில் எழுந்திருக்கும் எக்ஸ்டென்ஷன் பிறந்த குழந்தை மாதிரி யாரையும் தெரியாமல் விழிக்கும். மறுபடி ஒவ்வொரு போனாக எடுத்து, திரையில் இருக்கும் கியூஆர் கட்டத்தைக் காட்டி, ஜோடி சேர்க்க வேண்டும். சர்க்கார் சைட்டுகள் வேகமாக ஓடுவதே காலை நேரத்தில்தான். முதல் பஸ்ஸில் வந்து இறங்குகிற கூட்டம் வாசலில் நிற்கும்போது இவள் போனைத் தூக்கித் தூக்கிக் காட்டிக்கொண்டிருப்பாள்.

ஒருநாள் பொறுமை போய், யூடியூபில் தேடினாள். வழி இருந்தது. சாண்ட்பாக்ஸ் செட்டிங்கில், எக்ஸ்டென்ஷன் தகவல் இருக்கும் ஃபோல்டரை மட்டும் டப்பாவுக்கு வெளியே விட்டுவிடலாமாம். டப்பாவைக் கொட்டினாலும் அது கொட்டாது. வீடியோக்காரன் சொன்னபடி செய்தாள். மறுநாள் காலை எல்லாப் போன்களும் ஜோடியோடு அப்படியே இருந்தன. சந்தோஷத்தில் பக்கத்து டீக்கடைக் கோகிலாவுக்குத் தன் காசில் பன் வாங்கிக் கொடுத்தாள். யுவராஜிடம் மட்டும் சொல்லவில்லை. சொன்னால் கத்துவான் என்று தெரியும். தெரிந்தே சொல்லவில்லை.

மழைக்காலம் ஒன்று போனது. ஒரு காலை, வாசலில் கூட்டம் முட்டிக்கொண்டு நிற்கும்போது, எக்ஸ்டென்ஷனின் சின்னம் நீலத்திலிருந்து சாம்பல் நிறமாகிக் கிடந்தது. புதிய பதிப்பாம். எல்லா இணையப் பக்கங்களையும் படிக்க, மாற்ற அனுமதி வேண்டுமாம். அனுமதிக்காவிட்டால் ஓடாதாம். "கண்ணு, பஸ்ஸுக்கு நேரமாச்சு" என்று யாரோ பின்னால் முனகினார்கள். பிரபாவதி அனுமதித்தாள்.

அதன்பிறகுதான் அந்த வெளிச்சம் ஆரம்பித்தது. மத்தியானம் கடையில் யாரும் இல்லாத நேரம், பலகையில் ஏதாவது ஒரு போன் ஒளிரும். போய் எடுப்பதற்குள் அணைந்துவிடும். திறந்து பார்த்தால் மெசேஜ் இருக்காது. முதல் தடவை, ஏதோ விளம்பரம் என்று நினைத்தாள். அடுத்த தடவை சின்னான் போன். பச்சை ரிப்பன் பக்கத்தில் திரை விழித்தது. இவள் கையிலெடுத்தபோது ஒரு வங்கியின் பெயரும் ஓர் எண்ணும் தெரிந்தன. அவள் கண்ணெதிரே, அவள் விரல் படாமலேயே, அந்த வரி அழிந்தது. வேலை முடிந்த ஆள் கதவைச் சாத்திக்கொண்டு போவது போல அத்தனை நிதானமாக அழிந்தது.

அன்று சாயங்காலம் டப்பாவைக் கொட்டினாள். ஒன்றுக்கு இரண்டு தடவையாகக் கொட்டினாள். காலையில் வந்து திறந்தால் எக்ஸ்டென்ஷன் ஜம்மென்று உட்கார்ந்திருந்தது. இருக்காதா பின்னே? இருக்கச் சொன்னதே அவள்தானே. தம்பியிடம் சொல்லிவிடலாம் என்று போனை எடுத்தாள், வைத்தாள். நாளைக்குச் சொல்லலாம் என்று தள்ளினாள். தப்பு செய்தவர்கள் எல்லோருக்கும் நாளை என்று ஒரு நல்ல நாள் இருக்கத்தான் செய்கிறது.

அந்த நாளை வந்தபோது கோகிலா ஓடிவந்தாள். "ஏனுங்க்கா, போலீஸ் ஜீப்பு சின்னானைக் கேட்டுக்கிட்டுப் பள்ளத்துக்கு இறங்குதுங்க. அவரு பேர்ல என்னமோ பேங்கு மோசடியாம். வெளியூர்ல யாராரையோ ஏமாத்தின காசு அவரு கணக்குக்கு வந்திருக்குதாம்!"

"அவருக்கு ஏதுடி அந்தக் கணக்கு?"

"அதானுங்க்கா எல்லாரும் கேக்கறாங்க."

பள்ளத்துக்குப் போகும் பாதை கல்லும் சகதியும். ஜீப் போய்த் திரும்ப நேரமாகும். பிரபாவதி யுவராஜைக் கூப்பிட்டு, ஒன்று விடாமல் கொட்டித் தீர்த்தாள். அவன் கத்தவில்லை. அவன் கத்தாததுதான் அவளுக்குப் பயமாக இருந்தது.

"அந்த எக்ஸ்டென்ஷனை, அதைச் செஞ்சவன்கிட்ட இருந்து எவனோ திருடன் வாங்கியிருப்பான்க்கா. நீ ஃபார்ம்ல அடிச்ச ஆதார் நம்பர் அத்தனையும் படிச்சிருப்பான். ஓடிபியும் அவன்கிட்டயே போகுது. அப்புறம் யார் பேர்ல வேணாலும் கணக்குத் திறக்கலாம். டப்பாக்குள்ள இருந்திருந்தா அன்னைக்குச் சாயங்காலமே ஜோடி அறுந்திருக்கும்."

"இப்ப நான் என்ன பண்ணட்டும், சாமி?"

யுவராஜ் குரலைத் தாழ்த்திச் சொன்னான். "அந்த எக்ஸ்டென்ஷனையும் ஃபோல்டரையும் அழிச்சிரு. சின்னான் போன்ல இருக்கற ஆப்பையும் எடுத்திரு. டப்பாவைக் கொட்டு. உன் மெஷின்ல ஒண்ணும் இருக்காது. உன் பேரு எங்கயும் வராது."

"சின்னான் மாமா?"

"அவரு ஒண்ணும் பண்ணலைல்ல, விட்டுருவாங்க. நீ உள்ள போயிட்டீன்னா அம்மா தாங்காதுக்கா. சீக்கிரம்."

யோசித்திருக்கலாம். அந்த ஃபோல்டர்தான் சின்னான் கையால் எதுவும் நடக்கவில்லை என்பதற்கு இருக்கிற ஒரே சாட்சி என்பது, ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டு உட்கார்ந்திருந்தால் அவளுக்கே தோன்றியிருக்கும். பயந்தவளுக்கு ஏது தண்ணீர்? எக்ஸ்டென்ஷனையும் ஃபோல்டரையும் அழித்தாள். பச்சை ரிப்பன் போனிலிருந்து ஆப்பை எடுத்தாள். டப்பாவைக் கொட்டினாள். திரை கழுவித் துடைத்த வாசல் மாதிரி ஆனது. அப்போதுதான் ஜீப் வந்து நின்றது.

பின் இருக்கையில் சின்னான். வேட்டியில் மண், காதோரம் காபிச் செடியின் இலை ஒன்று ஒட்டியபடி. அவளைப் பார்த்ததும் முகம் மலர்ந்துவிட்டது. "நான் சொன்னனுங்களே சார், போனு இந்தப் புள்ளைகிட்டத்தான் இருக்குதுன்னு. எனக்கு அதுல பேசக்கூடத் தெரியாதுங்க. கண்ணு, நீயே சாருக்குச் சொல்லு கண்ணு."

சப் இன்ஸ்பெக்டர் மோசமானவர் இல்லை. மரியாதையாகத்தான் கேட்டார். பச்சை ரிப்பன் போனை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இவரோட ஓடிபியை வேற யாராச்சும் பார்த்திருக்க முடியுமாம்மா?"

பிரபாவதி சின்னானின் முகத்தைப் பார்த்தாள். அங்கே சந்தேகம் என்பதே இல்லை. அதைப் பார்த்தபின் அவளால் பொய் சொல்ல முடியவில்லை. "முடியும் சார். என் கம்ப்யூட்டர்ல ஒரு எக்ஸ்டென்ஷன் இருந்துச்சு சார். அதுவழியா எல்லா மெசேஜும் வெளிய போயிருக்கு. தப்பு என்னோடது."

"காட்டுங்க."

அவள் கை மவுஸில் அப்படியே நின்றது. "அழிச்சுட்டேன் சார்."

"எப்போ?"

"இப்பத்தான்."

அவர் கம்ப்யூட்டரில் உட்கார்ந்து பொறுமையாகப் பார்த்தார். பழைய பக்கங்கள் இல்லை, தடங்கள் இல்லை, ஒரு குப்பை இல்லை. "இவ்வளவு சுத்தமா வச்சிருக்கற மெஷினை நான் எந்த சென்டர்லயும் பார்த்ததில்லைம்மா" என்றார். அதைப் பாராட்டாகச் சொன்னாரா என்று தெரியவில்லை. எழுந்து, சற்று அலுப்போடு, "ஊர்ப்பாசம் இருக்கலாம். அதுக்காக நடக்காததைச் சொல்லி நீங்க மாட்டிக்காதீங்க. ஆதாரம் எதாச்சும் கிடைச்சா கீழ ஸ்டேஷனுக்கு வாங்க" என்றார்.

ஜீப் கிளம்பியது. சின்னான் வெளியே தலை நீட்டி, அவளைத் தேற்றுகிற மாதிரி கையசைத்தார். "அழுவாத கண்ணு. விசாரிச்சுட்டு உட்டுருவாங்க. சாயங்காலம் ஊட்டுக்கு வந்துருவேன்." கொண்டை ஊசி வளைவில் ஜீப்பின் சத்தம் தேய்ந்து தேய்ந்து மறைந்தது. கடைக்குள் அவளும் போன்களும் மட்டும்.

நாற்காலியில் விழுந்தாள். தன்னைத்தானே செருப்பால் அடித்துக்கொள்ள வேண்டும் போலிருந்தது. அப்போது பலகையில் ஒரு போன் ஒளிர்ந்தது.

சிவப்பு வளையல். ஆயம்மாள் போன். இன்னொரு வங்கியின் பெயர், இன்னொரு எண். அதே நிதானத்தோடு அழிந்தது.

அவளுக்குப் புரிய ஒரு நொடி ஆனது. அழித்தது இவளிடம் இருந்த ஜோடியைத்தான். அந்தத் திருடன் நகலெடுத்துக்கொண்டு போன ஜோடி எங்கேயோ உயிரோடு இருக்கிறது. சின்னான் போனிலிருந்து மட்டும்தான் ஆப்பை எடுத்திருந்தாள், மற்றவற்றை எடுக்க நேரமில்லை. கை தானாக வளையல் போனை அணைக்கப் போனது. பாதியில் நின்றது.

இதை அணைத்தால் ஆயம்மாள் தப்பிப்பாள். ஆனால் சின்னானுக்கு இனி எந்தச் சாட்சியும் இருக்காது. இது இந்தப் பலகையிலேயே, கடை வைஃபையிலேயே கிடந்து, இன்னொரு தடவை அவன் வந்தால், வந்து அவள் கண்ணெதிரே அழித்தால், அதைப் படம் பிடிக்கலாம். அதற்கு வழியை இன்னும் கொஞ்சம் திறந்தே வைக்க வேண்டும். அதுவும் ஆயம்மாள் பேரில்.

தன் போனை எடுத்து, தண்ணீர்ப் பாட்டிலில் சாய்த்து, வளையல் போனைப் பார்த்தாற்போல் நிறுத்தி, வீடியோவை ஓடவிட்டாள்.

வாசலில் செருப்புச் சத்தம். மூச்சிரைக்க மேடேறி வந்திருந்தாள் ஆயம்மாள். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு கையை நீட்டினாள். "அவரைக் கூட்டிக்கிட்டுப் போயிட்டாங்களாமே கண்ணு. என்ற போனைக் குடு. சேலத்துல இருக்கற மவளுக்குச் சொல்லோணும்."

இத்தனை வருஷத்தில், கேட்டவருக்கு அவர் போனைக் கொடுக்காமல் பிரபாவதி இருந்ததே இல்லை. ஜீப் சத்தம் கேட்டபோது இருந்ததைவிட இப்போது அதிகமாகப் பயந்தாள்.

"என் போன்ல கோகிலா போட்டுத் தருவா, அத்தை... இல்ல, இருங்க, அது வேண்டாம், அதுல வீடியோ ஓடுது. கோகிலா போன்ல பேசுங்க." அவளுக்கே தன் குரல் யாருடையதோ போலிருந்தது. "உங்க போன் இங்கயே இருக்கோணும். மாமா திரும்பி வரோணும்னா அது இப்ப இங்கயே இருக்கோணும்."

ஆயம்மாள் அவளைப் பார்த்தாள். பலகையைப் பார்த்தாள். பாட்டிலில் சாய்ந்து நின்ற போனைப் பார்த்தாள். ஏன் என்று ஒரு கேள்வி கேட்டிருந்தால்கூட பிரபாவதிக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

"நீ சொன்னாச் சரிதான் கண்ணு" என்று சொல்லிவிட்டு, ஆயம்மாள் வாசற்படியில் உட்கார்ந்தாள்.

அவள் தலைக்குப் பின்னால், சிவப்பு வளையலுக்குள், திரை மெல்ல விழித்தது.